துணியில் வந்த சிவப்பு

கார் வாங்கி மூன்றாம் நாள். இங்கே ராத்திரி ஒன்பது மணி, ஊரில் காலை ஒன்பதரை. கராஜில் நின்றபடியே அம்மாவோடு வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தேன். பேச்சுக்கு நடுவே அம்மா சட்டென்று பதறி, "என்னடி, கையெல்லாம் ரத்தம்?" என்றாள்.

ரத்தம் இல்லை. பெயிண்ட். முப்பது வருஷத்துக்கு முந்தைய பெயிண்ட். ஒரு பழைய டர்க்கி டவலில் பாலிஷைத் தொட்டு பானெட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைத் துணி முழுக்கக் குங்குமம் கரைத்த மாதிரி ஆகியிருந்தது. அம்மாவுக்குக் காட்டினேன். நன்றாகப் பார்த்துவிட்டு அவள் கேட்ட கேள்விதான் அடுத்த ஆறு வாரம் நான் செய்த வேலை எல்லாவற்றையும் தீர்மானித்தது.

"இப்படித் துணியோட வந்துக்கிட்டே இருந்தா, கார்ல மிச்சம் எவ்வளவு இருக்கும்?"

கார் 1991-ஆம் வருஷத்து மாஸ்டா மியாட்டா. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரையைப் பின்னால் மடித்துப் போடக்கூடிய சின்ன ஸ்போர்ட்ஸ் கார். 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் மாஸ்டா இதை முதலில் காட்டியது. 1.6 லிட்டர் எஞ்சின், 116 குதிரைசக்தி, எடை ஒரு டன்னுக்கும் குறைவு. விளக்கைப் போட்டால் முன்விளக்குகள் பானெட்டிலிருந்து கண்ணைத் திறந்துகொண்டு எழுந்து நிற்கும். கல்லூரி நாளில் ஒரு பத்திரிகையில் படம் பார்த்ததிலிருந்து எனக்கு இதன்மேல் ஆசை. மொடெஸ்டோவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் விற்கிறார் என்று தெரிந்ததும் கிளம்பிப் போனேன். கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கு அது. பாதாம் தோப்புகளின் ஊர். கோடையில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். அங்கே அந்தக் கார் பதினோரு வருஷம் கூரையில்லாத இடத்தில் நின்றிருந்தது. எஞ்சின் ஆரோக்கியமாக இருந்தது. ஓட்டிப் பார்த்தேன், கியர் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல விழுந்தது. ஆனால் நிறம்? பத்திரிகைப் படத்தில் நான் பார்த்த சிவப்பு இல்லை. வெளிறிப்போன ரோஜா நிறம். மேலே கையை வைத்துத் தடவினால் சுண்ணாம்புச் சுவரைத் தொட்டது போல உள்ளங்கையில் பொடி ஒட்டியது.

அந்தம்மா மன்னிப்புக் கேட்கிற குரலில், "வெயிலில் விட்டுவிட்டேன்" என்றார். பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது. என்ன தோன்றியதோ, கொஞ்சம் தண்ணீரை எடுத்து பானெட்டில் தெளித்தேன். தண்ணீர் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு எழுந்து வந்தது. ஆழமான, ஈரமான சிவப்பு. ஒரு நிமிஷம் நின்றது. காய்ந்ததும் மறுபடி ரோஜா நிறத்துக்குள் போய்விட்டது. அந்த ஒரு நிமிஷத்தில்தான் காரை வாங்குவதென்று முடிவு செய்தேன்.

ஏனென்றால் அதை நான் முன்னமே பார்த்திருக்கிறேன்.

காரைக்குடிப் பக்கத்தில் ஆச்சி வீட்டில் சிவப்புத் தரை. சிமெண்ட்டில் காவி கலந்து இழைத்து இழைத்துப் போட்டது. கோடை விடுமுறைக்குப் போய்க் கதவைத் திறக்கும்போது, பல மாதம் பூட்டிக் கிடந்த கூடத்தின் தரை சாம்பல் பூத்திருக்கும். ஈரத் துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் சிவக்கும். காய்ந்தால் பழையபடி வெளுக்கும். ஆச்சி அதோடு விடமாட்டாள். ஒரு கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய், ஒரு பழைய வேட்டித் துணி. மூலையிலிருந்து ஆரம்பித்து உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து கூடம் முழுக்கத் தேய்ப்பாள். ராத்திரி அப்படியே விட்டுவிட்டு, காலையில் காய்ந்த துணியால் துடைப்பாள். உத்தரத்துக் கட்டைகள் தரையில் தெரியும்.

மியாட்டாவில் நடந்ததும் கிட்டத்தட்ட அதேதான். பெயிண்ட் என்பது நிறத் துகள்களும் அவற்றைப் பிடித்து வைத்திருக்கும் ரெசினும் சேர்ந்தது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் அந்த ரெசினின் கட்டுகளை ஒவ்வொன்றாக அறுக்கிறது. மேல் அடுக்கு மெல்ல மெல்லப் பொடியாகிறது. பொடியான பரப்பு கரடுமுரடாக இருப்பதால், விழுகிற வெளிச்சம் நேராகத் திரும்பாமல் நாலா பக்கமும் சிதறுகிறது. அப்படிச் சிதறிய வெள்ளை வெளிச்சம் அடியில் இருக்கும் சிவப்போடு கலந்து நம் கண்ணுக்கு ரோஜா நிறமாகத் தெரிகிறது. தண்ணீரோ எண்ணெயோ அந்தப் பள்ளங்களை நிரப்பினால் சிதறல் அடங்கிவிடும், சிவப்பு தெரியும். ஒரு வித்தியாசம் உண்டு. தரைக்குப் போட்ட காவி இரும்பு ஆக்சைடு. அது வெயிலுக்கு அசையாது. காரின் பளிச்சென்ற சிவப்புகளோ பெரும்பாலும் கரிம நிறமிகள். அவை அத்தனை கெட்டியானவை அல்ல. அதனால்தான் பழைய சிவப்புக் கார்கள் மற்ற நிறங்களைவிடச் சீக்கிரம் முகம் மாறுகின்றன.

இந்தக் காருக்கு இன்னொரு விஷயமும் உண்டு. மாஸ்டா இதற்கு வைத்த பெயர் கிளாசிக் ரெட், பெயிண்ட் குறியீடு எஸ்யூ. இது சிங்கிள் ஸ்டேஜ் பெயிண்ட். இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றில் நிறம் ஒரு மெல்லிய அடுக்கு, அதன்மேல் நிறமே இல்லாத கிளியர்கோட் இன்னொரு அடுக்கு. வெயிலின் அடியை வாங்குவது கிளியர்கோட். சிங்கிள் ஸ்டேஜில் அந்தக் கவசம் கிடையாது, நிறமும் பளபளப்பும் ஒரே அடுக்கில். பாலிஷ் போட்டால் துணியில் காரின் நிறமே வரும். பழைய கார் வாங்குகிறவர்கள் முதலில் செய்ய வேண்டிய சோதனை இதுதான். வெள்ளைத் துணியில் துளி பாலிஷ் தொட்டு, கண்ணில் படாத ஒரு மூலையில் தேயுங்கள். துணியில் நிறம் வந்தால் சிங்கிள் ஸ்டேஜ், நம்பிக்கை நிறைய உண்டு. நிறம் வரவில்லை, மேலே வெள்ளை வெள்ளையாகத் தோல் உரிகிறது என்றால் கிளியர்கோட் செத்துவிட்டது. அதை எந்தப் பாலிஷும் காப்பாற்றாது, மறுபடி பெயிண்ட் அடிக்கத்தான் வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் உரிகிற கிளியர்கோட்டைத் தேய்த்துத் தேய்த்து வாரக்கணக்கில் வீணாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நான் முதலில் ஒரு பெயிண்ட் கடைக்குத்தான் கொண்டுபோனேன். சுற்றி வந்து பார்த்தார்கள். முழுக்க அடிக்க 5,000 டாலர் என்றார்கள். "இருக்கிறதையே காப்பாற்ற முடியாதா?" என்று கேட்டேன். அங்கே ஒரு பையன் கம்பளி பேட் மாட்டிய மெஷினை எடுத்து, கெட்டிக் காம்பவுண்ட் வைத்து, கதவில் ஒரு இடத்தில் அரை நிமிஷம் ஓட்டிக் காட்டினான். பளபளவென்று வந்தது. மெஷினை எடுத்ததும் கீழே பார்த்தேன். பேட் முழுக்கச் சிவப்பு, தரையிலெல்லாம் சிவப்புத் தெறிப்பு. நன்றி சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்தப் பளபளப்பை எதைக் கொடுத்து வாங்கினான் என்பது தரையில் கிடந்தது.

அம்மாவின் கேள்விக்குப் பதில் வேண்டும். அதனால் பெயிண்ட் கனம் அளக்கும் கருவி ஒன்று வாங்கினேன். உள்ளங்கையில் அடங்கும். பரப்பில் வைத்து அழுத்தினால் மைக்ரானில் எண் காட்டும். நம் தலைமுடி ஒன்றின் கனம் ஏறக்குறைய 70 மைக்ரான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு காரின் பெயிண்ட் மொத்தமும், அடியிலுள்ள பிரைமர் உட்பட, இரண்டு முடிக் கனம் இருந்தால் அதிகம். வாங்கும்போது அலுமினியத்தையும் அளக்கக்கூடியதாகப் பார்த்து வாங்கினேன். இந்த மியாட்டாவின் உடம்பு இரும்பு, பானெட் மட்டும் எடை குறைக்க அலுமினியம். இரும்பை மட்டும் அளக்கும் மலிவுக் கருவி அதில் எண்ணே காட்டாது.

ஒரு நோட்டில் காரைக் கோட்டோவியமாக வரைந்து, ஒவ்வொரு பாகத்திலும் ஐந்தைந்து இடம் அளந்து எழுதினேன். மகள் எண்ணை வாசிப்பாள், நான் குறிப்பேன். கதவுகளில் 110, 108, 112. டிக்கி மூடியில் 98. பானெட்டில் 84, நடுவில் ஓரிடத்தில் 79. வானத்தைப் பார்த்துப் படுத்திருந்த பாகங்கள்தான் அதிகம் இழந்திருந்தன. இடது முன் ஃபெண்டரில் கருவியை வைத்ததும் மகள் "இருநூத்தி நாப்பது!" என்று கத்தினாள். எப்போதோ இடித்து, மறுபடி பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். அங்கே துணியில் தேய்த்துப் பார்த்தால் நிறம் வரவில்லை. அந்த ஒரு பாகம் மட்டும் கிளியர்கோட் போட்டது. ஒரே காரில் இரண்டு விதத் தோல். கண்ணுக்குப் பாதிதான் தெரிந்த காரின் சரித்திரத்தை எண்கள் சொல்லின.

உண்மையான சிவப்பு எது என்பதற்கும் ஒரு சாட்சி வேண்டும். கதவைத் திறந்தேன். ரப்பர் பீடிங்குக்குப் பின்னால், வெயிலே பார்க்காத இடத்தில், 1991-இல் ஹிரோஷிமாவின் உஜினா ஆலையில் அடித்த நிறம் அப்படியே இருந்தது. அதைத் துடைத்து வைத்துக்கொண்டேன். எங்கே நிறுத்த வேண்டும் என்று சந்தேகம் வரும்போதெல்லாம் கதவைத் திறந்து அதைப் பார்ப்பேன்.

கழுவுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று மட்டும். நான் இருக்கும் பகுதியில் தெரு ஓரத்து மழைநீர் வடிகால்கள் சுத்திகரிப்பு எதுவும் இல்லாமல் நேராக ஓடைக்கும் விரிகுடாவுக்கும் போகின்றன. சோப்பும் தாரும் பெயிண்ட் பொடியும் கலந்த தண்ணீரை வாசலில் ஓடவிடக் கூடாது. அதனால் முதல் கழுவலைக் காசு போட்டு நாமே கழுவும் இடத்தில் முடித்தேன். அங்கே தண்ணீர் கழிவுநீர்க் குழாய்க்குப் போகும். அதன்பின் வீட்டில், அலச வேண்டிய அவசியமே இல்லாத ரின்ஸ்லெஸ் திரவம். ஒரு வாளி தண்ணீரில் சின்ன மூடி அளவு. ஒரு வாளியிலேயே கார் முழுக்க முடிந்துவிடும். துணியைத் திருப்பித் திருப்பி, அழுக்கான பக்கம் மறுபடி பெயிண்டைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

வலதுபக்கக் கதவில் புள்ளி புள்ளியாக வெள்ளைத் தடங்கள். தோட்டத்துத் தண்ணீர் தெளிப்பான் தினமும் நனைத்து, வெயில் தினமும் காய்ச்சி, உப்புப் படிந்து விட்டிருந்தது. வெள்ளை வினிகரையும் காய்ச்சி வடித்த தண்ணீரையும் சரிபாதி கலந்து, துணியை நனைத்து இரண்டு நிமிஷம் ஒட்டிவைத்துத் துடைத்தேன். பாதி போயிற்று. மீதி பெயிண்டையே அரித்துக் குழியாகியிருந்தது. அதை விட்டுவிட்டேன்.

அடுத்து களிமண். கிளே பார் என்று சின்னக் கட்டியாகக் கிடைக்கிறது. பிசைந்து தட்டையாக்கி, வழுக்கும் திரவம் தெளித்து, பரப்பின்மேல் அழுத்தாமல் முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். பெயிண்டில் குத்தி நிற்கும் தூசியும் பிசினும் பிரேக்கிலிருந்து வந்த இரும்புத் துகளும் அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். முதலில் சரசரவென்று சத்தம் கேட்கும். போகப் போகச் சத்தம் அடங்கும். கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் கேட்டுச் செய்யும் வேலை இது. எனக்கு மிகப் பிடித்த கட்டம். ஆனால் சிங்கிள் ஸ்டேஜில் களிமண்ணும் சிவக்கும். பயப்பட வேண்டாம், செத்த அடுக்குதான் அது.

இனிதான் ஆச்சியின் எண்ணெய்க் கிண்ணம்.

மைக் பிலிப்ஸ் என்று அமெரிக்காவில் கார் பராமரிப்பைப் பல வருஷமாகக் கற்றுக்கொடுக்கும் ஒருவர். பழைய சிங்கிள் ஸ்டேஜ் பெயிண்டுக்கு அவர் பரப்பிய ஒரு முறை உண்டு. மெகுயார்ஸ் நிறுவனம் 1901-இல் மரச்சாமான் பாலிஷோடு ஆரம்பித்தது. அவர்களுடைய நம்பர் 7 கிளேஸ் என்ற திரவம் பல பத்தாண்டுகளாகக் கடையில் இருக்கிறது. எண்ணெய் நிறைய உள்ளது, அறுக்கும் துகள் இல்லை. அதை டர்க்கி டவலில் தாராளமாக ஊற்றி, கையால் அழுத்தித் தேய்க்க வேண்டும். டவலின் முடிச்சுகள் மேலே உள்ள பொடியை மட்டும் வாரி எடுக்கும். பிறகு இன்னொரு கனமான பூச்சு பூசி, ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிட வேண்டும். காலையில் துடைக்க வேண்டும். வேண்டுமென்றால் மறுபடியும்.

அம்மா வீடியோவில் பார்த்தது வெறும் வெள்ளோட்டம், முறையான முதல் ராத்திரி இப்போதுதான். மறுநாள் துடைத்துவிட்டு பானெட்டைப் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. பளபளப்பு பெரிதாக இல்லை. நிறம் வந்திருந்தது. தண்ணீர் தெளித்தபோது ஒரு நிமிஷம் எழுந்து மறைந்த அதே சிவப்பு, இந்தத் தடவை மறையாமல் நின்றது.

பெயிண்ட் எண்ணெயைக் குடிக்கிறது, உயிர் பெறுகிறது என்றெல்லாம் சொல்வார்கள். அப்படிச் சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் பெயிண்ட் மரமோ தோலோ அல்ல. எண்ணெய் செய்வது இரண்டு வேலை. நுண்ணிய பள்ளங்களை நிரப்பி வெளிச்சம் சிதறாமல் பார்த்துக்கொள்கிறது. காய்ந்து கிடக்கும் பரப்பைத் தேய்க்கும்போது கீறல் விழாமல் வழவழப்புத் தருகிறது. அறுந்துபோன ரெசினை அது மறுபடி பிணைக்காது. அதனால் எண்ணெயோடு நிறுத்தினால் சில வாரத்தில் பழைய முகம் திரும்பிவிடும், மேலே மூடி போட வேண்டும். ஆச்சி வீட்டுத் தரையும் ஒரு தடவை தேய்த்ததோடு நின்றதில்லை, ஒவ்வொரு விடுமுறைக்கும் தேய்க்க வேண்டியிருந்தது.

இப்படி மூன்று ராத்திரி பானெட்டுக்கு, இரண்டு ராத்திரி டிக்கிக்கு, ஒன்று கதவுகளுக்கு. இரண்டாம் ராத்திரியிலிருந்து கையுறை போட்டுக்கொண்டேன். துணிகளை ஒரு வாளியில் போட்டு வைத்தேன். ஒவ்வொரு சுற்றிலும் துணியின் சிவப்பு வெளிறிக்கொண்டே வந்தது. மூன்றாம் ராத்திரி பானெட்டைத் துடைத்த துணியில் இளஞ்சிவப்புத்தான். செத்த அடுக்கு முடிந்து கெட்டியான அடுக்கு வந்துவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேறில்லை. கருவியை வைத்தேன். 83, 82, 78. ஒன்றிரண்டு மைக்ரான்தான் வித்தியாசம். கருவியின் பிழையே அவ்வளவு இருக்கும். அத்தனை துணி சிவந்ததும் அந்த ஒரு மைக்ரான், இரண்டு மைக்ரானில்தான். அம்மாவுக்கு அன்றே எண்களைப் படித்துக் காட்டினேன். "அப்ப இருக்கு" என்றாள். இருக்கிறது.

இதற்குப் பிறகுதான் மெஷின். இரண்டு வகை உண்டு. ரோட்டரி ஒரே அச்சில் சுற்றும், வேகமாக வேலை செய்யும், வேகமாகச் சூடாக்கும். டூயல் ஆக்ஷன் சுற்றிக்கொண்டே ஆடும், சூடு குறைவு, தவறினாலும் மன்னிக்கும். முப்பது வயது பெயிண்டுக்கு நான் எடுத்தது டூயல் ஆக்ஷன். மென்மையான ஃபோம் பேட், இருப்பதிலேயே நைசான பாலிஷ். டிக்கி மூடியில் ஒரு சாண் இடத்தில் சோதித்தேன். அதிலேயே எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. இன்னும் கெட்டியான காம்பவுண்ட் போட்டால் எல்லாக் கீறலும் போகும் என்று தெரியும். போட வேண்டாம் என்று முடிவு செய்தேன். பெயிண்டில் உள்ள கீறலை எடுப்பது என்றால், அந்தக் கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள பெயிண்ட் முழுவதையும் இறக்குவது என்று அர்த்தம். ஒரு கீறலுக்காக ஒரு பானெட்டையா?

இரண்டடிக்கு இரண்டடி கட்டம். ஒரு விநாடிக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் மெதுவாக, முதலில் இடவலமாக, பிறகு மேலும் கீழுமாக. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் பேட்டைப் பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்தாக வேண்டும். இல்லையென்றால் பேட்டில் சேரும் சிவப்புப் பசையே அடுத்த கட்டத்தில் மேகம் மேகமாகப் பூசும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் இதுதான். காதில் பாட்டுக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை, மெஷினின் சத்தம் மாறுவதைக் கேட்க வேண்டியிருந்தது.

ஒரு தவறு செய்தேன். முன் பம்பர் பிளாஸ்டிக். இரும்பைப் போல அது சூட்டைக் கடத்தாது, பட்ட சூடு பட்ட இடத்திலேயே நிற்கும். கருவியாலும் அங்கே கனத்தை அளக்க முடியாது. எந்தக் காரிலும் பெயிண்ட் மெலிந்திருப்பது மடிப்பு விளிம்புகளில்தான். இதெல்லாம் தெரிந்தும், இண்டிகேட்டருக்கு மேலே உள்ள விளிம்பில் டேப் ஒட்டாமல் மெஷினை வைத்துவிட்டேன். இரண்டு விநாடி இருக்கலாம். எடுத்துப் பார்த்தால் ஒரு மிளகு அளவுக்குக் கருப்பு. மெஷினை அணைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்துவிட்டேன். வெயிலும் மழையும் முப்பது வருஷம் விட்டுவைத்த இடம் அது. டச்சப் பெயிண்ட் வாங்கி ஒரு பல்குத்தும் குச்சியின் முனையால் வைத்தேன். மூன்றடி தள்ளி நின்றால் தெரியாது. எனக்குத் தெரியும். அன்றிலிருந்து விளிம்புகளுக்கும் பம்பர்களுக்கும் கைதான், மெஷின் இல்லை. நீங்கள் செய்வதாக இருந்தால் தொடக்கத்திலிருந்தே அப்படிச் செய்யுங்கள்.

இடது ஃபெண்டருக்குக் கதை வேறு. மேலே கிளியர்கோட் கனமாக இருந்ததால் கொஞ்சம் கெட்டியான பாலிஷைத் தாங்கியது, அரை மணியில் முடிந்தது. முன்பு ரோஜா நிறக் காரில் அது மட்டும் தனியாகச் சிவந்து தெரிந்தது. இப்போது மற்ற பாகங்கள் அதன் பக்கத்துக்கு வந்துவிட்டன. நிழலில் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. வெயிலில் உற்றுப் பார்த்தால் ஃபெண்டரின் சிவப்பு கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது போலவும், கதவின் சிவப்பு கைக்கு எட்டுகிற மாதிரியும் தெரியும். இரண்டில் எது அழகு என்று கேட்டால் யோசிக்கவே மாட்டேன். கதவுதான்.

நிறம் வந்த பிறகுதான் இந்தக் காரின் உருவமே எனக்குப் புரிந்தது. முதல் மியாட்டாவின் உடலுக்கு இறுதி வடிவம் கொடுத்த ஷுன்ஜி தனாகா, ஜப்பானின் நோ நாடக முகமூடிகளைச் செதுக்கத் தெரிந்தவர். அந்த முகமூடிகளில் கோடு அதிகம் இருக்காது. லேசாகக் குனிந்தால் சோகம், லேசாக நிமிர்ந்தால் சிரிப்பு. முகம் மாறுவதில்லை, அதன்மேல் விழும் வெளிச்சம்தான் மாறுகிறது. அதே எண்ணத்தோடுதான் இந்தக் காரின் பக்கங்களையும் செதுக்கினார்கள். கதவில் கூர்மையான கோடு ஒன்றுகூடக் கிடையாது. முன் சக்கரத்துக்கு மேல் மெல்ல எழுந்து, கதவில் இடுப்பு போல ஒடுங்கி, பின் சக்கரத்தில் மறுபடி எழும் ஒரே வளைவு. பெயிண்ட் பொடி பூத்துக் கிடந்தபோது இது எதுவும் தெரியவில்லை, ஒரு சோப்புக்கட்டி போல இருந்தது. பாலிஷ் முடிந்த சாயங்காலம் காரைத் தெருவுக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். எதிர்வீட்டுக் கூரை, மரம், தந்திக்கம்பம் எல்லாம் அந்த வளைவில் ஏறி இறங்கின. நடக்க நடக்க அவை நகர்ந்தன. பெயிண்ட் இந்தக் காருக்கு உடுப்பு அல்ல. வடிவத்தின் பாதி அதுதான்.

மீதி வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தக் காரில் ஹெட்லைட் உண்மையான கண்ணாடி. இன்றைய பிளாஸ்டிக் விளக்குகள் போல மஞ்சள் பூக்காது, ஒரு துடைப்பு போதும். பின் விளக்குகளும் நன்றாகவே இருந்தன. அந்த விளக்கின் வடிவத்தை நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் தன் சேகரிப்பில் வைத்திருக்கிறது, துடைக்கும்போது எனக்கு அந்த நினைப்பு இருந்தது. துணிக்கூரையின் பின் ஜன்னல் மெல்லிய பிளாஸ்டிக், தேநீர் நிறத்துக்குப் போயிருந்தது. பிளாஸ்டிக் பாலிஷ் போட்டுக் கையால் தேய்த்ததில் ஓரளவுக்குப் பின்னால் வரும் வண்டி தெரிகிறது. கூரைக்கு அடியில், சீட்டுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் மழைநீர் இறங்கும் துளைகள் உண்டு. பழைய மியாட்டா வாங்கும் யாரும் அவற்றை முதலில் பாருங்கள். இலை அடைத்தால் தண்ணீர் உள்ளே தேங்கி, கதவுக்குக் கீழே உள்ள பகுதி உள்ளிருந்தே துரு பிடிக்கும். வெளியே பெயிண்ட் குமிழிடும்போது உள்ளே இரும்பு போயிருக்கும். என் காரில் பாதாம் இலைச் சருகு ஒரு கைப்பிடி வந்தது. நல்லவேளை, மழை குறைந்த ஊர்.

கடைசியில் மூடி. செராமிக் கோட்டிங் போடும்படி பலர் சொன்னார்கள், இரண்டு மூன்று வருஷத்துக்குக் கவலையில்லை என்று. அது பெயிண்டோடு பிடிக்க வேண்டுமென்றால் முதலில் எண்ணெய்ப் பசை முழுவதையும் ஆல்கஹாலால் துடைத்தெடுக்க வேண்டும். ஆறு வாரமாக நான் உள்ளே வைத்ததை நானே உருவுவது போல ஆகிவிடும். அதனால் பழைய முறைப்படி கார்னோபா வாக்ஸ். பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனையின் ஓலையில் ஊறும் மெழுகு அது. அங்கத்திய கடும் வெயிலில் ஓலை ஈரம் இழக்காமல் இருக்க மரமே பூசிக்கொள்வது. ஓலையைக் காயவைத்து அடித்தால் பொடியாக உதிரும், உருக்கிக் கட்டியாக்குகிறார்கள். வெயிலுக்காக ஒரு பனை தனக்குச் செய்துகொண்டதை வெயிலில் வெந்த ஒரு காருக்குப் பூசுகிறோம் என்ற நினைப்பே எனக்குப் போதுமானதாக இருந்தது. வாக்ஸ் ஓரிரு மாதத்தில் தேய்ந்துவிடும், மறுபடி பூச வேண்டும். பரவாயில்லை. பூசும்போது காரின் ஒவ்வொரு அங்குலத்தையும் கை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிடும். புதிதாக ஒரு கல் தெறித்திருந்தால் துரு பிடிப்பதற்கு முன்னால் தெரிந்துவிடும்.

மொத்தச் செலவு, மெஷினும் அளக்கும் கருவியும் சேர்த்து, 400 டாலருக்குள். கார் இப்போது கராஜில் நிற்கிறது. வெளியே நிறுத்த வேண்டி வந்தால் மேலே உறை.

வாக்ஸ் போட்ட மறுநாள் மொடெஸ்டோ ஆசிரியைக்கு ஒரு படம் அனுப்பினேன். பதிலுக்கு அவரும் ஒரு பழைய படம் அனுப்பினார். 1991, கடை வாசலில், சாவியைக் கையில் தூக்கிப் பிடித்தபடி அவர், பக்கத்தில் இதே கார். அந்தப் படத்தின் சிவப்பே வெளுத்துப்போயிருந்தது.

டிக்கி மூடியின் வலது ஓரத்தில் பறவை எச்சம் அரித்த ஒரு தடம் இருக்கிறது. கட்டைவிரல் நகம் அளவு. இன்னும் நாலு சுற்று மெஷினை ஓட்டினால் போய்விடும். அங்கே கனம் 91. மகள் நோட்டில் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, "இத விட்டுடலாம்மா" என்று எழுதி வைத்திருக்கிறாள். விட்டுவிட்டேன். சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது மட்டும் தெரிகிறது.